ஒற்றை போர்ட் உள்ள பை-யை ரூட்டராக மாற்றும்போது

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினியில் ஓப்பன்-டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற ரூட்டர் மென்பொருளை ஏற்றி, வீட்டு ரூட்டருடன் கேபிளில் இணைத்தேன். செட்டிங்ஸ் பக்கம் வரவில்லை. வீட்டில் மற்றவர்களுக்கும் நெட் போய்விட்டது. மெமரி கார்டில் அதைத் தப்பாக எழுதிவிட்டேனா?

பதில்: முதலில் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் எழுதிய கார்டு சரியாகவே இருக்க வேண்டும், சிக்கல் போர்ட்டில்தான்.

பை 4-ல் ஈதர்நெட் போர்ட் ஒன்றுதான். ஓப்பன்-டபிள்யூஆர்டி அதை லேன் (LAN), அதாவது வீட்டுக் கருவிகளுக்கான பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்து, கேட்கிற கருவிகளுக்கெல்லாம் டிஹெச்சிபி (தானாக முகவரி வழங்கும் முறை) வழியாக ஐபி முகவரி கொடுக்கும். பல வீட்டு ரூட்டர்களுக்கும் இதே முகவரிதான். ஒரே முகவரிக்கு இரண்டு பேர் பதில் சொன்னால் பக்கம் எப்படித் திறக்கும்? பை-யிடம் ஐபி வாங்கிய போன்கள் இணையத்துக்கும் அதையே நம்பும். அதற்கோ வெளியே போக வழி இல்லை.

ஆகவே பை-யை லேப்டாப்புடன் மட்டும் நேராக இணையுங்கள். வைஃபை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், கேபிள்தான் வழி. 192.168.1.1-ஐத் திறந்து, ரூட் (root) என்ற பெயரில் பாஸ்வேர்டு இல்லாமல் நுழையலாம். உடனே பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றுங்கள். மாற்றியதும் 90 விநாடி எண்ணிக்கை ஓடும். அதற்குள் லேப்டாப் கேபிளைக் கழற்றி மாட்டி, புதிய முகவரியில் பக்கத்தைத் திறக்க வேண்டும். தவறினால் பழைய முகவரிக்கே திரும்பிவிடும். பலர் இதைப் பார்த்துவிட்டு 'சேவ் ஆகவில்லை' என்று குழம்புவார்கள்.

அடுத்து வான் (WAN) போர்ட், அதாவது இணையம் உள்ளே வரும் பக்கம். அதற்கு யுஎஸ்பி 3.0 ஈதர்நெட் அடாப்டர் வேண்டும். அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்ற முட்டுக்கட்டை இங்கேதான் வரும். எளிய வழி, ஓப்பன்-டபிள்யூஆர்டி தளத்தின் ஃபர்ம்வேர் செலக்டரில் பை 4-ஐத் தேர்ந்தெடுத்து, பேக்கேஜ் பட்டியலில் டிரைவரையும் சேர்த்து இமேஜை (கார்டில் எழுதும் கோப்பை) உருவாக்கிக்கொள்வது. ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் என்றால் 'கேமாட்-யுஎஸ்பி-நெட்-ஆர்டிஎல்8152' (kmod-usb-net-rtl8152) என்ற பேக்கேஜ். எண் மாறியிருக்கிறதே என்று தயங்காதீர்கள், இரண்டு சிப்புக்கும் அதே டிரைவர்தான். புது இமேஜை எழுதினால் மேலே செய்த அமைப்புகளை மறுபடி செய்ய வேண்டும். அதனால் இமேஜிலிருந்தே தொடங்குங்கள். இமேஜ் ஸ்குவாஷ்எஃப்எஸ் (squashfs), எக்ஸ்ட்4 (ext4) என இரண்டு வகையில் கிடைக்கும், ஸ்குவாஷ்எஃப்எஸ் வகையை எடுங்கள். அமைப்பைக் கெடுத்துக்கொண்டால் ரீசெட் செய்ய அதில்தான் முடியும், எக்ஸ்ட்4-ல் முடியாது.

அடாப்டர் 'ஈத்1' (eth1) என்று தெரிந்ததும் அதில் 'வான்' என்ற இன்டர்ஃபேஸை டிஹெச்சிபி கிளையன்ட்டாக (பழைய ரூட்டரிடம் முகவரி வாங்குவதாக) உருவாக்கி, ஃபயர்வால் தாவலில் வான் மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் பை-யிலிருந்து பிங் (இணைப்புச் சோதனை) போகும், லேப்டாப்பிலிருந்து போகாது.

இப்போது பழைய ரூட்டரின் கேபிளை அடாப்டரில் மாட்டுங்கள், பை-யின் சொந்த போர்ட்டில் அல்ல.