உடற்பயிற்சியை விடாமல் செய்ய உங்களைத் தூண்டிய மனிதர் யார்? எந்தத் தருணம்?

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வாங்கியபோது எனக்கு 23 வயது. பெண்களுக்கான பளுதூக்கல் ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த ஆண்டுதான். ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் 110, தோள்வரை தூக்கிப் பிறகு தலைக்கு மேல் உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, ஆக 240 கிலோ. தங்கம் வாங்கியவர் தூக்கியதைவிட இரண்டரைக் கிலோதான் குறைவு. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். டிவியில் பார்த்துப் புல்லரித்தது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அப்புறம் எழுந்து போய் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். அடுத்த 19 வருஷம் தண்ணீர்க் குடத்தைவிடக் கனமான எதையும் நான் தூக்கவில்லை.

அதனால்தான் பெரிய ஆட்களைப் பார்த்து ஊக்கம் வந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் கதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தொடங்குகிறது.

2019-இல் அம்மா குளியலறை நிலைப்படியில் தடுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிவு. அப்போது அவளுக்கு 68 வயது. அறுவை சிகிச்சை, வாக்கர், ராத்திரியில் இரண்டு முறை கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போவது என்று மூன்று மாதம் போயிற்று. அம்மாவுக்கு வலியைவிட இந்தக் கைத்தாங்கல்தான் பொறுக்கவில்லை. "ஒரு எழுந்திரிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமா?" என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் நாகர்கோவில் பெண், 25 வயதிருக்கும். ஒருநாள் அம்மாவுக்கு ஒரு சோதனை வைத்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், 30 வினாடியில் எத்தனை முறை என்று கணக்கு. அம்மாவால் கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை. முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்து அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்க, அம்மா பாத்துக்கட்டும்" என்றாள்.

நானும் செய்துகாட்டினேன். ஆறு வரைக்கும் ஜம்மென்று போனது. எட்டில் முட்டி கடகடத்தது. நேரம் முடிந்தபோது 11. மூச்சு வாங்க நின்றேன். அவள் சிரிக்கவில்லை. அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வயதுப் பெண்களுக்கே 12-க்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து உண்டு என்று பார்ப்போம் அக்கா, என்று மட்டும் சொன்னாள். எனக்கு 42. கட்டிலிலிருந்து அம்மா, மூன்று மாதத்தில் முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தாள். அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அம்மா விழுந்த அந்த நிலைப்படியைத் தாண்டித்தான் நானும் தினமும் போய்வந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரமே பக்கத்துத் தெரு ஜிம்மில் மூன்று மாதப் பணம் கட்டினேன். அங்கிருந்த பையன் என்னை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டவன்தான், இறங்கவே விடவில்லை. டம்பெல் பக்கம் போனால், "லேடீஸுக்கு எதுக்குக்கா வெயிட்டு, கை ஆம்பள மாதிரி ஆயிரும்" என்பான். ஒரு மாதத்தில் நின்றுவிட்டேன். இதைக் கேட்டு அந்த நாகர்கோவில் பெண்ணுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! நடந்தால் இதயத்துக்கு நல்லது, தொடைக்கு யார் வேலை கொடுப்பது என்றாள். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்து எலும்பு வேகமாகத் தேயும் என்றும், எலும்பும் தசையும் பாரம் ஏறினால்தான் தம்மைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும் என்றும் அவள்தான் எனக்குச் சொன்னாள். உலக சுகாதார நிறுவனமும் நடை, ஓட்டத்தோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்கிறது. நம் வீடுகளில் இந்த இரண்டாவது பாதி யார் காதிலும் விழுவதில்லை.

வீட்டிலேயே ஆரம்பித்தோம். ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஊரே ஜிம்முக்குப் போக முடியாமல் தவித்தபோது, நான் மொட்டை மாடியில் கேனோடு இருந்தேன். எனக்கு வசதியாகப் போயிற்று, யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் போடுகிற அண்ணனைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒல்லியான உடம்பு, ஐம்பதைத் தாண்டியவர். நிரம்பிய சிலிண்டர் என்றால் உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். மூன்றாவது மாடிக்குத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவார். இறக்கும்போதும் முதுகு வளையாது, முட்டிதான் மடங்கும். எப்படி என்று கேட்டேன். "உடம்போட ஒட்டித் தூக்கணும்மா. தள்ளி வச்சுத் தூக்குனா இடுப்பு போயிரும்" என்றார். பிறகு ஒரு பயிற்சியாளரிடம் டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் பளுவை இடுப்பளவுக்குத் தூக்கி நிமிர்வது, கற்றபோது அவர் முதல் நாள் சொன்னதும் இதே வாக்கியம்தான், கொஞ்சம் ஆங்கிலம் கலந்து. அந்த அண்ணனைப் பார்த்து ஊக்கம் வந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. அவர் உடம்பு வளர்க்கத் தூக்கவில்லை, வயிற்றுக்காகத் தூக்குகிறார். ராத்திரியில் தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுப்பாராம்.

அந்தப் பயிற்சியாளர் பல்கலைக்கழக அளவில் பளுதூக்கியவர். 2021 கடைசியில் அவரிடம் சேர்ந்தேன். சுவரில் வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் படம் ஒட்டியிருப்பார். காமன்வெல்த் போட்டிப் பளுதூக்கலில் 2014-லும் 2018-லும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். ஆனால் பயிற்சியாளர் என்னிடம் பதக்கக் கதை எதையும் பேசமாட்டார். நோட்டைத் திறந்து, "அக்கா, போன வாரம் 25. இன்னைக்கு 27.5" என்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. நடுவில் சிக்குன்குனியா வந்து இரண்டு மாதம் போச்சு, திரும்ப வெறும் கம்பியிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது 60 கிலோ இழுக்கிறேன். எங்கள் வீட்டுக் கணக்கில் இரண்டு சிலிண்டர்.

இத்தனைக்கும் காலையில் அலாரம் அடிக்கும்போது உற்சாகமாக எழுந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போகாவிட்டால் நோட்டில் அந்தத் தேதி காலியாக இருக்குமே என்றுதான் பாதி நாள் போகிறேன்.

அம்மாவுக்கு இப்போது 74. வாக்கரை எப்போதோ பரணில் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காபிக்கு முன்னால் அதே பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடத்தில் போடுவோம். என் முறை வரும்போது அவள் கடிகாரம் பார்ப்பாள், அவள் முறைக்கு நான். போன வாரம் எனக்கு 19, அவளுக்கு 10. கடைசியாக எழுந்ததை நான் எண்ணவில்லை, தனக்கு 11 என்று இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.