'ஆஸ்திரேலியா ஓப்பல்' என்று விற்ற கல்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மகளுக்குத் திருமணம் தள்ளிப் போகிறது என்று ஜோதிடரிடம் போனோம். சுக்கிரனுக்கு ஓப்பல் போடச் சொல்லி, அவரே ஒரு கடைக்கு அனுப்பினார். 6.20 காரட் கல்லை 1,42,000 ரூபாய்க்கு வாங்கினோம். பில்லில் 'நேச்சுரல் ஓப்பல்' என்று மட்டும் இருக்கிறது. வாங்கும் முன் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் கல்லின் படத்தை அனுப்பி 'ஒரிஜினல் ஆஸ்திரேலியா' என்று எழுதியிருந்தார். கடை கொடுத்த அச்சுச் சீட்டில் உள்ளபடி கல்லைப் பசும்பாலிலும் தேனிலும் இரவு முழுக்க ஊற வைத்தோம். காலையில் வர்ணமே இல்லாமல் கண்ணாடித் துண்டு போல இருந்தது. பத்தர் எடை போட்டால் 6.71 காரட்! கல்லை மாற்றிவிட்டார்கள் என்று கடைக்கு ஓடினோம். 'காய்ந்தால் சரியாகிவிடும்' என்றார்கள். சில நாளில் வர்ணம் திரும்பியது, ஆனால் மஞ்சள் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் மோதிரத்தில் பதித்துப் போட்டோம். இப்போது வேறொரு நகைக்கடையில், இது எத்தியோப்பியக் கல், இந்த விலைக்கு அருகில்கூட வராது என்கிறார்கள். கேட்கப் போனால் விற்ற கடைக்காரர் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார். ஜோதிடருக்குக் கமிஷன் போயிருக்கிறது. 'கல்லைக் கொடுத்துவிட்டுப் போங்கள், டெஸ்ட் செய்து வேறு மாற்றித் தருகிறேன்' என்று மட்டும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கி 19 மாதம் ஆகிறது. மோசடிப் புகாரும் 10 லட்சம் நஷ்டஈடும் கேட்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: அவமானம், ஜோதிடரின் கமிஷன், தள்ளிப்போன திருமணம் மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். கல் பலன் தரவில்லை என்று மனுவில் ஒரு வரிகூட வரக்கூடாது. உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: கல் எந்த ஊருடையது என்று விற்பதற்கு முன் கடை சொன்னதை எழுத்தில் காட்ட முடியுமா? முடியும். அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் வழக்கு. பில் அல்ல.

முதல் காரியமாக 'போலி' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். எத்தியோப்பிய ஓப்பலும் பூமியில் விளைந்த அசல் ஓப்பல்தான். எந்த நாட்டு ஓப்பலும் சிலிகாவும் நீரும் சேர்ந்தது. மில்லிமீட்டரில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள சிலிகா உருண்டைகள் சீராக அடுக்கி நிற்பதால் ஒளி சிதறி வர்ணம் ஓடுகிறது. நீங்கள் 'போலிக் கல் விற்றார்கள்' என்று மனுப் போட்டு, நுகர்வோர் ஆணையம் கல்லைச் சோதனைக்கு அனுப்பினால், 'இயற்கை ஓப்பல்' என்று அறிக்கை வரும். பில்லிலும் அதேதான் எழுதியிருக்கிறது. அன்றோடு வழக்கு முடிந்தது. நல்ல ஆதாரம் கையில் இருந்தும் இந்த ஒரு சொல்லால் மனுதாரர் தோற்றுவிடலாம். நீங்கள் எழுத வேண்டியது: ஆஸ்திரேலியக் கல் என்று சொல்லி, அதற்கான விலை வாங்கி, வேறு நாட்டுக் கல்லைக் கொடுத்தார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் பிரிவு 2(47) சொல்லும் நியாயமற்ற வணிக நடைமுறை இது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இல் பிரிவு 15, விவரித்துச் சொன்ன பொருளோடு கொடுத்த பொருள் பொருந்த வேண்டும் என்கிறது.

இரண்டாவது, 'கல்லை மாற்றிவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டு. இதையும் விடுங்கள். இது தவறு மட்டுமல்ல, உங்களையே கவிழ்க்கும். எத்தியோப்பியாவின் வோலோ பகுதியிலிருந்து 2008-க்குப் பிறகு பெருமளவில் வந்து, ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்பட்டு நம் கடைகளுக்கு வரும் ஓப்பலில் பெரும்பகுதி நுண்துளைகள் உள்ளது. தண்ணீரில் போட்டால் உறிஞ்சும், கண்ணாடி போலத் தெளியும், வர்ணம் மறையும், எடை கூடும். காய்ந்தால் வர்ணம் திரும்பும். 6.20 காரட் 6.71 ஆனது இதனால்தான். தண்ணீர் ஆவியாகிவிடும், பாலின் கொழுப்பும் தேனின் சர்க்கரையும் ஆவியாகாது. அப்படித் தங்கிய மிச்சம்தான் பெரும்பாலும் அந்த மஞ்சள். இது தெரியாமல் 'எடை மாறியது, கல் மாறியது' என்று நீங்களே மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் பதிலுரை போடுவார்: 'மனுதாரரே ஒப்புக்கொள்கிறார், அவர் கையில் இருப்பது நாங்கள் விற்ற கல் அல்ல.' அதன்பின் எந்தச் சோதனை அறிக்கை வந்தும் பயனில்லை.

உறிஞ்சும் இந்தக் குணமே உங்களுக்குச் சாதகமான தடயமும்கூட. நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜ் தரும் கறுப்பு ஓப்பலும், தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி தரும் வெளிர் ஓப்பலும் பொதுவாக இப்படி நீர் குடிப்பதில்லை. குயின்ஸ்லாந்தின் போல்டர் ஓப்பலைப் பார்த்தாலே தெரியும், அடியில் பழுப்பு இரும்புக்கல் ஒட்டியிருக்கும். ஒரே இரவில் தெளிந்து, எடை கூடி, காய்ந்ததும் வர்ணம் திரும்பிய கல்லை ஆஸ்திரேலியக் கல் என்று ஆணையத்தின் முன் நிலைநாட்டுவது கடைக்காரருக்கு எளிதல்ல. ஆனால் நகைக்கடையில் வாய்ச்சொல்லாகச் சொன்னது சாட்சியம் ஆகாது. ஆய்வகம் எழுத வேண்டும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடம். கல்லைக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். டெஸ்ட்டுக்கு என்றாலும், ஒரு மணி நேரத்துக்கு என்றாலும், ரசீது தருகிறேன் என்றாலும் கூடாது. ரசீதில் என்ன எழுதுவார்? 'ஓப்பல் மோதிரம் ஒன்று.' திரும்பி வருவது எந்தக் கல் என்று நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்? அதைவிட ஆபத்தானது 'மாற்றித் தருகிறேன்' என்பது. இருபதாயிரமோ முப்பதாயிரமோ கூடுதலாக வாங்கிக்கொண்டு வேறு கல் கொடுப்பார். பழைய பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு புது பில் போடுவார். அதில் 'எக்ஸ்சேஞ்ச், வாடிக்கையாளர் திருப்தி' என்று ஒரு வரி இருக்கும். அந்த நிமிடம் பழைய வியாபாரம் தீர்ந்துபோன கணக்கு. வாட்ஸ்அப் செய்தி உள்ள பழைய கல் கையை விட்டுப் போயிருக்கும், அப்படி எந்தச் செய்தியும் இல்லாத புதுக் கல்லோடு நிற்பீர்கள். நல்ல வழக்கோடு வருகிறவர்கள் விழும் குழி இதுதான். கோபத்தில் விழுவதில்லை, 'பிரச்சினை இதோடு முடியட்டும்' என்ற அசதியில் விழுகிறார்கள்.

அடுத்த குழி, கல்லைச் சரிசெய்யப் பார்ப்பது. மஞ்சளை எடுக்கிறேன் என்று ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வைப்பார்கள், அசிட்டோனில் போடுவார்கள், பத்தரிடம் மறு பாலிஷ் கொடுப்பார்கள். வெயிலில், விளக்கடியில், ஹேர் டிரையரில் காய வைப்பார்கள். ஓப்பலில் நீர் இருக்கிறது, பெரும்பாலும் எடையில் 3 முதல் 10 சதவீதம் வரை. வேகமாகச் சூடேற்றினால் மேற்பரப்பு சிலந்தி வலை போல வெடிக்கும். அல்ட்ராசோனிக் கிளீனரும் கூடாது. கடினத்தன்மை 5.5 முதல் 6.5 வரைதான், வீட்டுத் தூசியில் உள்ள மணல் துகளே கீறிவிடும். இந்தச் சேதம் எல்லாம் நீங்கள் செய்தது என்றுதான் பதிவாகும். மோதிரத்தை மகள் இனி அணிய வேண்டாம். மெல்லிய துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, அறை வெப்பத்தில் வையுங்கள். போதும்.

மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றவும் வேண்டாம். ராசி மோதிரத்தை விரலில் படுகிற மாதிரி அடிப்பக்கம் திறந்துதான் செய்வார்கள், ஆய்வகம் அப்படியே பெரும்பாலும் பார்த்துவிடும். எடைக்காகக் கழற்ற வேண்டும் என்று ஆய்வகம் சொன்னால் அங்கேயே, அவர்கள் கையாலேயே கழற்றட்டும். இப்போதே மோதிரத்தை மேல், கீழ், பக்கவாட்டில் தேதியோடு படம் எடுங்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் உள்ள வர்ணத் திட்டுகளின் அமைப்பும் உங்கள் படத்தில் உள்ளதும் ஒத்துப்போவதை அருகருகே வைத்துக் காட்டலாம். ஒவ்வொரு ஓப்பலின் திட்டு அமைப்பும் தனி. அது ஒரு அடையாளச் சான்று, ஆனால் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

சோதனை பற்றி. ஹால்மார்க் மையத்துக்குக் கொண்டு போகாதீர்கள், அவர்கள் தங்கத்தைச் சோதிப்பவர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ், மனுவோடு சேர்த்தே, கல்லை முத்திரையிட்டு ரத்தின ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி இடைக்கால மனு போடுங்கள். கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் பெயர்பெற்ற ஆய்வகங்கள் உண்டு. எதைக் கேட்டாலும் அதன் அரசு அங்கீகார ஆவணத்தை மனுவோடு இணையுங்கள், இல்லாவிட்டால் அறிக்கை வந்த பிறகு 'இது சட்டம் சொல்லும் ஆய்வகம் அல்ல' என்று ஆட்சேபம் வரும். நுண்துளைக் கல் என்பதையும் பாலில் ஊறியது என்பதையும் ஆய்வகத்துக்கு எழுதிச் சொல்லுங்கள். ஒளிவிலகல் எண் பார்க்கும் திரவமும், அடர்த்தி பார்க்க முக்கும் தண்ணீரும் உள்ளே ஏறக்கூடும்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனுவிலேயே எழுதிவிடுங்கள். 'இது ஓப்பலா' என்று மட்டும் கேட்டால் 'ஆம்' என்று மட்டும்தான் வரும். கல் நீர் உறிஞ்சுகிறதா, இயற்கையா செயற்கையா, சாயமோ புகையோ ஏற்றப்பட்டதா, மெல்லிய ஓப்பலைக் கறுப்பு அடித்தளத்தில் ஒட்டிய இரட்டைக் கல்லா, மேலே கண்ணாடி அல்லது குவார்ட்ஸ் மூடிய மூன்றடுக்குக் கல்லா, பிறப்பிடம் பற்றி என்ன கருத்துச் சொல்ல முடியும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சாதாரண அறிக்கைகள் ஓப்பலுக்குப் பிறப்பிடம் எழுதுவதில்லை, கேட்டால்தான் கருத்துத் தருவார்கள். ஒட்டுக்கல் என்றோ செயற்கை என்றோ வந்தால் பில்லில் உள்ள 'நேச்சுரல்' என்ற சொல்லும் பொய்யாகிவிடும். அப்போது உங்கள் பேரம் வேறு.

கடைக்காரரின் பெரிய ஆயுதம் பால். 'நாங்கள் நல்ல கல் கொடுத்தோம், அவர்கள் பாலிலும் தேனிலும் போட்டுக் கெடுத்தார்கள்' என்பார். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன அந்த அச்சுச் சீட்டுதான் இதற்குப் பதில். சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16-இன்படி, எந்த நோக்கத்துக்கு என்று தெரிந்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்த நோக்கத்துக்குப் பொருந்துவது விற்பவரின் பொறுப்பு. நீர் குடிக்கும் கல்லை விற்று, அதைப் பாலில் ஊற வைக்கச் சொன்னதும் கடையே. கடை பெயர் அச்சாகியிருந்தால் அந்தச் சீட்டு அப்படியே தங்கம். மூலத்தை லாமினேட் செய்யாமல், மடிக்காமல் வையுங்கள். கடை பெயர் இல்லாவிட்டால், பில்லோடு சேர்த்துக் கொடுத்ததாக உடன் வந்தவரின் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள்.

வாட்ஸ்அப்புக்கு ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து, எண் தெரியும்படி அச்செடுத்து, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழோடு கொடுங்கள். அந்தக் கைபேசியை மாற்றவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம்.

நாள் கணக்கு: மனுத் தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 69 இரண்டு ஆண்டு தருகிறது. பாலில் போட்ட நாளிலிருந்தா, எத்தியோப்பியக் கல் என்று தெரிந்த நாளிலிருந்தா என்று வாதாடலாம். வாதாட வேண்டிய நிலைக்கே போகாதீர்கள். வாங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள், ஐந்து மாதம் இருக்கிறது. கடைக்காரரோடு நடக்கும் பேச்சுவார்த்தை அந்த நாளைத் தள்ளி வைக்காது. தாமத மன்னிப்பு மனு என்பது ஆணையத்தின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. மனுவை உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், மனுக் கட்டணம் இல்லை. ஜோதிடரை எதிர்மனுதாரராகச் சேர்க்காதீர்கள். அவர் விற்றவர் அல்ல, சேர்த்தால் கடைக்குச் சாட்சி ஆகிவிடுவார்.

மோசடிப் புகார் வேண்டாம். குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவு 318-க்கு, விற்ற அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். 'ஜெய்ப்பூர் வியாபாரி ஆஸ்திரேலியா என்றுதான் கொடுத்தான்' என்று கடைக்காரர் ஒரு கொள்முதல் சீட்டை நீட்டினால் காவல் நிலையம் 'சிவில் தகராறு' என்று மூடிவிடும். அந்த மூடிய அறிக்கையையே ஆணையத்தில் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

இப்போது பணம். 10 லட்சம் கிடைக்காது. மன உளைச்சலுக்குக் கிடைத்தால் ஆயிரங்களில் கிடைக்கும். மோதிரத்தில் பதித்து இத்தனை மாதம் வைத்திருந்ததால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 42-இன்படி கல்லை ஏற்றுக்கொண்டீர்கள், இனி விலை வித்தியாசம் மட்டும்தான் என்று கடை வாதாடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 39-இன் கீழ் முழு விலையைத் திரும்பத் தர ஆணையம் உத்தரவிடலாம், அதை முதல் கோரிக்கையாகவும், விலை வித்தியாசத்தை மாற்றுக் கோரிக்கையாகவும் எழுதுங்கள். வித்தியாசத்தை நிரூபிக்க, இதே எடை, இதே தர எத்தியோப்பியக் கல்லின் விலையை இரண்டு வியாபாரிகளிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். தீர்ப்புக்கு மாதக் கணக்கு அல்ல, பெரும்பாலும் வருடக் கணக்கு ஆகும், அதற்கு மேல் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

ஆகவே என் ஆலோசனை சமரசம்தான். நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள், வாட்ஸ்அப் நகலையும் சீட்டின் நகலையும் அதில் இணையுங்கள். மஞ்சள் ஏறிய கல்லுக்கு முழு விலை கேட்டு இழுக்காமல், 95,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பின்தேதியிட்ட காசோலை கூடாது, திரும்பினால் அது இன்னொரு வழக்கு. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே கல்லைக் கொடுங்கள், கொடுக்கும்போது எடையும் படமும் உள்ள உடன்பாட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். 'முழுத் தொகையும் பெற்றேன்' என்ற வரியில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பதினைந்து நாளில் பதில் இல்லை என்றாலோ, மாற்றுக் கல் பற்றியே பேசினாலோ, பதினாறாம் நாள் மனுவைத் தாக்கல் செய்யுங்கள்.