லண்டனில் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மென்பொருள் துறையில் பணிபுரியும் என் கணவருக்கு லண்டன் கனரி வோர்ஃபில் வேலை கிடைத்துள்ளது. வருகிற ஆவணியில் குடும்பமாகப் போகிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. ஹரோவில் இருக்கும் மச்சாள் தங்களுக்குக் கிட்ட வரச் சொல்கிறார். கணவரின் நண்பரோ, ஈஸ்ட்ஹாம் என்றால் கடையும் கோவிலும் காலடியில் என்கிறார். எங்களுக்கு எந்தப் பகுதி பொருந்தும்?
– வாசகி, கொக்குவில்

பதில்: லண்டனில் நெடுங்காலம் இருந்தவர்களில், தாம் இருக்கும் இடத்தைவிட வேறோர் இடம் நல்லது என்று சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மச்சாளும் நண்பரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வாழ்க்கைக்கு எது வசதியோ அதைச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் பள்ளிக்கூட வயதில் இரண்டு பிள்ளைகள் இருப்பதால், பள்ளிக்கூடத்தை முதலாவதாகவும், கணவரின் பயணத்தை இரண்டாவதாகவும், கடை, கோவிலைக் கடைசியாகவும் வைத்துப் பாருங்கள். கோவிலுக்குக் கிழமைக்கு ஒருமுறை தொடருந்து எடுத்துப் போகலாம். நான்கு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நாளுக்கு இருமுறை நடக்கப்போவது நீங்கள்தான். மார்கழியில் அங்கே பின்னேரம் நான்கு மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வாக்காளர் இடாப்பையும் மின்கட்டணப் பட்டியலையும் தூக்கிக்கொண்டு திரிந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு லண்டன் முறை புதிதாக இராது. அங்கும் பெரும்பாலான அரச பள்ளிகளில், ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர் முதலான சில பிரிவினருக்கு இடம் கொடுத்தபின், மிகுதி இடங்களை வீட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்தே கொடுக்கிறார்கள். கடந்த ஆண்டில் கடைசி இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை உள்ளூராட்சி மன்றங்கள், அதாவது கவுன்சில்கள், பள்ளிவாரியாக வெளியிடுகின்றன. பெயர் பெற்ற சில பள்ளிகளுக்கு அந்தத் தூரம் அரை மைல்கூட இராது. ஆகவே, நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் ஊர் என்று கேள்விப்பட்டு வீடு எடுப்பதற்கும், அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கக்கூடிய தெருவில் வீடு எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

உங்கள் நிலையில் இன்னொரு சிக்கலும் உள்ளது. மகன் சேரவேண்டிய, முதலாம் ஆண்டுக்கு முந்திய தொடக்க வகுப்பான ரிசெப்ஷனுக்குரிய விண்ணப்பம் ஜனவரி 15 ஆம் திகதியுடன் முடிந்து, ஏப்ரல் 16 ஆம் திகதியளவில் இடங்களும் அறிவிக்கப்பட்டுவிடும். நீங்கள் போய் இறங்கும்போது மிஞ்சியிருப்பவை நிரம்பாத இடங்கள் மட்டுமே. ரிசெப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரை, ஓர் ஆசிரியர் உள்ள வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். சில விதிவிலக்குகளைத் தவிர, அதிபரிடம் கெஞ்சியும் பயனில்லை. காத்திருப்போர் பட்டியலும் பதிந்த திகதிப்படி போவதில்லை. பின்னால் வந்தவர் பள்ளிக்குக் கிட்ட இருந்தால் உங்களுக்கு முன்னால் போய்விடுவார். எனவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அந்தக் கவுன்சிலின் மாணவர் அனுமதிப் பிரிவுக்கு எழுதி, ரிசெப்ஷனிலும் ஐந்தாம் ஆண்டிலும் எந்தெந்தப் பள்ளிகளில் வெற்றிடம் உண்டு என்று கேளுங்கள். விசாவில் அரச நிதியுதவி இல்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அரச பள்ளிக்கல்வி அந்த நிதியுதவிக் கணக்கில் வராது, பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம்.

மச்சாளின் முகவரியைக் கொடுத்து விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். பிள்ளை உண்மையில் வசிக்காத முகவரி என்று தெரியவந்தால் கொடுத்த இடத்தையே திருப்பி எடுத்துவிடுவார்கள்.

மகளுக்கு ஒன்பது வயது என்பதால் அவர் ஐந்தாம் ஆண்டில் சேருவார். அதற்கடுத்த ஆண்டு ஒக்ரோபர் 31 ஆம் திகதிக்குள் இடைநிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்பதே கணக்கு. அதாவது முதல் வீடு சரிவராவிட்டாலும், ஒரு வருடத்துக்குள் இடத்தை ஆராய்ந்து மாறிக்கொள்ள உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஈஸ்ட்ஹாமுக்குக் கிட்ட, இல்ஃபோர்ட் அடங்கிய ரெட்பிரிட்ஜ் கவுன்சில் பகுதியில் பரீட்சை வைத்துச் சேர்க்கும் அரச பள்ளிகள் இரண்டு உள்ளன. ஹரோவில் அப்படி எதுவும் இல்லை. அதற்காகவே இடம் தேடுவது, வந்து ஒரு வருடம் ஆன பிள்ளைக்கு வீண் பாரம் என்பது என் எண்ணம்.

பயண விடயம் எளிது. ஈஸ்ட்ஹாமிலிருந்து நிலக்கீழ் தொடருந்தின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் மூன்றாவது தரிப்பிடம் வெஸ்ட்ஹாம். அங்கே ஜூபிலி பாதைக்கு மாறினால் மூன்றாவது தரிப்பிடம் கனரி வோர்ஃப். அரை மணித்தியாலம் போதும். ஹரோ-ஒன்-த-ஹில்லிலிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலமும் ஒரு மாற்றமும் ஆகும். அது ஐந்தாம் வலயம் என்பதால் கட்டணமும் கூட. இவ்விரண்டுக்கும் நடுவே உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வழி உண்டு. ஜூபிலி பாதையின் வடமேற்கு முனையிலுள்ள கனன்ஸ் பார்க், குயின்ஸ்பரி, கிங்ஸ்பரி ஆகியவற்றிலிருந்து மாறாமலே கனரி வோர்ஃப் போகலாம். பாதை ஸ்ரான்மோரில் தொடங்குவதால் காலையில் இருக்கை கிடைக்கும். ஐம்பது நிமிடப் பயணத்தில் அது சிறிய விடயமல்ல. மச்சாள் வீட்டுக்கும் கிட்ட. தமிழ்க் கடைகளுக்கு வெம்பிளியும் அல்பேர்ட்டனும் பக்கத்தில் இருக்கின்றன.

கணவர் கிழமைக்கு ஐந்து நாளும் அலுவலகம் போகவேண்டுமானால் ஈஸ்ட்ஹாம் பக்கத்தையும், இரண்டு மூன்று நாள் போனால் போதுமென்றால் குயின்ஸ்பரி பக்கத்தையும் முதலில் பார்க்கச் சொல்வேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று மற்றப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒரு சொந்தம் இருப்பதன் பெறுமதி, முதல் பனிக்காலத்தில்தான் தெரியும்.

கேள்வி: மகனும் மருமகளும் லண்டனில் வாடகை வீடு தேடுகிறார்கள். சொல்லும் வாடகையைத் தவிர வேறு செலவு என்ன வரும்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: 2025 இல் லண்டனின் சராசரி வாடகை மாதம் 2,200 பவுணைத் தாண்டியிருந்தது, மையத்திலிருந்து விலக விலகக் குறையும். முற்பணமாக, ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்த வீடென்றால், ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்க 2019 ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுக்காது. அதை வீட்டுக்காரர் 30 நாளுக்குள், அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் பதியவும் வேண்டும்.

நம்மவர் கணக்கில் விடுபடுவது கவுன்சில் வரி. இங்கே சோலைவரி கட்டுவது வீட்டுச் சொந்தக்காரர். அங்கே பொதுவாகக் குடியிருப்பவரே கட்டவேண்டும். 1991 ஏப்ரலில் அந்த வீட்டுக்கு இருந்த பெறுமதியை வைத்து ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள், தொகையைக் கவுன்சில் தீர்மானிக்கிறது. ரூட்டிங் அடங்கிய வான்ஸ்வேர்த்தில் வரி குறைவென்பது பிரசித்தம். அடுத்தது சூடாக்கும் செலவு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ முதல் ஜி வரை எரிசக்தித் தரச் சான்றிதழ் உண்டு; ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை, விதிவிலக்குப் பெற்றாலன்றி, வாடகைக்கு விட முடியாது. சான்றிதழைப் பார்த்த கையோடு, குளியலறை யன்னலின் மூலையையும் அலுமாரிக்குப் பின்னாலுள்ள சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகப் பூசிய வெள்ளைக்குக் கீழே கரும்புள்ளி தெரிந்தால், அந்த வீட்டில் பூஞ்சணம் பனிக்காலத்தில் திரும்ப வரும்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். மகளின் குடும்பம் லண்டன் போகிறது. பேரனைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்க, பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் போதுமா?
– வாசகி, குருநகர்

பதில்: போதாது. இடத்துக்குப் போட்டியுள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் முதலில் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே இடம் கொடுக்கின்றன. பல பள்ளிகள், குடும்பம் ஒழுங்காகத் திருப்பலிக்கு வருகிறது என்று பங்குத்தந்தை ஒப்பமிட்ட சான்றிதழும் கேட்கும். தூரம் அதற்குப் பிறகுதான். எனவே அவர்கள் போனவுடன் பள்ளி இருக்கும் பங்கில் பதிந்து, ஞாயிறு தவறாமல் போகட்டும். பேரனின் திருமுழுக்குச் சான்றிதழையும், இங்குள்ள பங்குத்தந்தையிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தையும் விமானம் ஏறுமுன் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.