தலையணையை எடுங்கள், ஒரு துண்டைச் சுருட்டுங்கள்: முதுகுவலியும் கார் சீட்டும், வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் சார். வாடகை கார் ஓட்டுகிறேன், மதுரை, திருச்சி என்று வெளியூர் சவாரிதான் அதிகம். போன வருடம் வாங்கிய புது வண்டியில் சீட் கல் மாதிரி இருக்கிறது. திண்டிவனம் தாண்டுவதற்குள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. வீட்டிலிருந்து ஒரு இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தேன். முதலில் சுகமாக இருந்தது, இப்போது வலி முன்பைவிட அதிகம். சீட்டையே மாற்றிவிடலாமா?
— வாடகை கார் ஓட்டுநர், தாம்பரம்

பதில்: சீட்டை மாற்ற வேண்டாம், அந்தக் காசு உங்களிடமே இருக்கட்டும். முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள்.

நிற்கும்போது நம் கீழ்முதுகு உள்பக்கமாகக் கொஞ்சம் குழிந்திருக்கும். உட்கார்ந்தவுடன் இடுப்பெலும்பு பின்பக்கம் சரிந்து அந்தக் குழிவு தட்டையாகிவிடும். தட்டையான முதுகோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகளின் முன்பக்கம் அழுந்தும், பின்பக்கத் தசைநார்கள் விடாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும், திண்டிவனத்தில் உங்களுக்குப் பிடித்துக்கொள்வது இதனால்தான். பஞ்சுத் தலையணையில் என்ன ஆகிறது என்றால், உடம்பின் பாரம் விழுகிற பின்பக்கம் புதைந்து, தொடைப் பக்கம் மேலே நிற்கிறது, இடுப்பெலும்பு இன்னும் அதிகமாகப் பின்னால் சரிகிறது. உட்காரும் எலும்பில் அழுத்தம் குறைவதால் முதல் கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முதுகுக்கு அது கெடுதல்.

அதிர்வு வேறு இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு வினாடிக்கு 4 முதல் 6 தடவை வரும் குலுக்கலுக்குத்தான் அதிகமாக ஆடும். சாலையில் ஓடுகிற வண்டியின் குலுக்கல் பெரும்பாலும் அந்த வேகத்திலேயே வருகிறது, தடித்த மெத்தென்ற குஷன் அதைத் தணிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடவும் செய்யும். அதனால் கெட்டியான சீட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீண்ட தூரம் ஓட்டுவதற்கென்று பெயர் வாங்கிய ஐரோப்பியக் கார்களில் பலவற்றின் சீட் கெட்டியாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் முதுகு நலனுக்கென்றே இயங்கும் ஏ.ஜி.ஆர். என்ற அமைப்பு கார் சீட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது, அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது சீட்டின் உயரத்தையும் இடுப்புத் தாங்கலையும் ஓட்டுகிறவரின் உடம்புக்கு ஏற்ப மாற்ற முடிகிறதா என்பதைத்தான். வால்வோ 1965லேயே கூட்டிக் குறைக்கக்கூடிய இடுப்புத் தாங்கலைக் காரில் வைத்தது. நம் ஊரில் வாடகைக்கு ஓடும் சின்னக் கார்களில் பலவற்றுக்கு இன்றுவரை அந்த வசதி இல்லை, ஒரு நாளில் பத்து மணி நேரம் உட்காருகிறவர்களுக்குத்தான் அது முதலில் தேவை, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, உங்கள் வண்டியில் என்ன செய்யலாம்? ஒரு குளியல் துண்டைக் குறுக்காக இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போடுங்கள். சாய்ந்தால் அமுங்கி மூன்று நான்கு சென்டிமீட்டர் நிற்கும் அளவு போதும். பின்பக்கம் சீட்டின் மூலையைத் தொடும்வரை தள்ளி உட்கார்ந்த பிறகு, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே அந்தச் சுருளை வையுங்கள். உட்காரும் இடத்தோடு ஒட்டிக் கீழே வைத்தால் அது உங்களை முன்னால் தள்ளிவிடும், பலன் இருக்காது. கடையில் விற்கும் பெரிய முதுகு மெத்தைகள் பலவற்றின் குறையும் இதுதான், முதுகு முழுவதையும் முன்னால் கொண்டுவந்துவிடுகின்றன, தலை ஹெட்ரெஸ்ட்டிலிருந்து விலகிப்போகிறது. சுருள் நழுவாமல் இருக்க ஹெட்ரெஸ்ட் கம்பியில் நாடா கட்டித் தொங்கவிடலாம், ஹெட்ரெஸ்ட் சீட்டோடு சேர்ந்தே இருக்கிற வண்டி என்றால் சீட் கவருக்கு உள்ளே செருகிவிடுங்கள். முதல் வாரம் மெல்லிசாகச் சுருட்டி, பழகியபின் கூட்டுங்கள். சட்டென்று தடிமனாக வைத்தால் அதுவே வலிக்கும்.

அப்புறம் சீட்டின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் அது பின்பக்கம் பள்ளமாகச் சரிந்திருக்கும், முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கும். உயரம் மாற்றும் லீவர் இருந்தால் இடுப்பு முழங்கால் மட்டத்துக்கோ கொஞ்சம் மேலேயோ வரும்வரை ஏற்றுங்கள். லீவர் இல்லையென்றால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும், பின்பக்கம் நான்கு சென்டிமீட்டர் தடிமனில் தொடங்கி முன்பக்கம் ஒன்றுமில்லாமல் முடிகிற ஆப்பு வடிவத் துண்டு ஒன்று போதும். சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் குஷன் வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் வெட்டித் தைத்துக் கொடுப்பார்கள். கெட்டியான ஃபோம் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் லேசாக உள்ளே போய் உடனே எழும்ப வேண்டும். மெமரி ஃபோம் வேண்டுமா என்று கேட்பார்கள். அது சூட்டில் இளகும், நம் ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் கிடந்தால் நீங்கள் ஏறும் நேரத்தில் தொளதொளவென்றுதான் இருக்கும். எனக்கு அதில் திருப்தி இல்லை.

இதையெல்லாம் வைத்த பிறகு சீட்டை முதலிலிருந்து சரிசெய்யுங்கள், பழைய அளவு இனிமேல் பொருந்தாது. கிளட்சை முழுவதும் மிதித்தாலும் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். சாய்மானம் நேர்க்குத்தாக வேண்டாம், 100 முதல் 110 டிகிரிக்குள் இருக்கட்டும். தோள் இரண்டும் சீட்டில் பட்டபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் 25 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி கட்டாயம், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் படிகிறதா, ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். அடியில் ஏற்றிய உயரத்தால் ஹெட்ரெஸ்ட் பிடரிக்குக் கீழே போய்விட்டால் அந்த உயரம் அதிகம், குறைத்துவிடுங்கள். முதுகுக்காகச் செய்கிற வேலையில் கழுத்தைப் பலிகொடுக்கக் கூடாது.

பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்து டேஷ்போர்டில் வையுங்கள். ஒரு பக்கப் புட்டம் மட்டும் உயர்ந்து நாள் முழுக்க இடுப்பு கோணலாகவே இருக்கும், காலுக்குப் போகும் நரம்பும் அழுந்தும். டயர் காற்றையும் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைவிட அதிகமாக அடித்து ஓட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, அந்தக் குலுக்கல் முழுவதும் உங்கள் முதுகுக்குத்தான் வரும்.

இவ்வளவும் செய்தாலும் உட்கார்ந்தபடியே மதுரை வரை போகும் முதுகு யாருக்கும் கிடையாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள், இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் வளையுங்கள். பயணிகள் அவசரப்படுத்தினால் டீ குடிக்க நிறுத்துகிறேன் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சவாரி முடிந்ததும் டிக்கியிலிருந்து பெட்டியை அப்படியே குனிந்து தூக்காதீர்கள், வெகுநேரம் உட்கார்ந்து குலுங்கி வந்த முதுகு அந்த நேரத்தில்தான் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் நின்று, நடந்து, பிறகு தூக்குங்கள்.

கேள்வி: மாடிப்படியில் வழுக்கி உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். எலும்பு முறிவு இல்லை என்றார்கள். ஆனால் காரில் உட்கார்ந்தால் முதுகின் அடிநுனியில் உயிர்போகிற வலி. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வாங்கலாமா?
— பள்ளி ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: வளையம் வேண்டாம் அம்மா. அதில் உட்கார்ந்தால் சுற்றிலும் அழுந்தி நடுவில் இருக்கும் பகுதி கீழே இழுபடும், வண்டி திரும்பும்போது உடம்பும் ஆடும். உங்களுக்கு வேண்டியது பின்பக்கம் மட்டும் 'ப' வடிவத்தில் வெட்டி எடுத்த கெட்டியான குஷன், வால் எலும்பு அந்த வெட்டின் மேல் எதிலும் படாமல் நிற்கும், பாரத்தை இரண்டு பக்க எலும்பும் தொடையும் தாங்கிக்கொள்ளும். திறந்த பக்கம் சாய்மானத்தைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டுப் பலனில்லை என்கிறவர்கள் நிறைய. இந்த வலி ஆற வாரக் கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக் கணக்கிலும் ஆகும். அதுவரை இறங்கும்போது ஒரு காலை மட்டும் வெளியே போட்டு எழாமல், இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி வெளியே வைத்து, பிறகு எழுங்கள்.

கேள்வி: மரமணி கோர்த்த விரிப்பு முதுகுவலிக்கு நல்லதா?
— வாசகர், சேலம்

பதில்: காற்றோட்டம் கிடைக்கும், வியர்வை தேங்காது. முதுகின் வளைவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நான் அதைவிட ரெக்ஸின் கவரைப் பற்றித்தான் எச்சரிப்பேன், வழுக்கும் கவரில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவி இடுப்புத் தாங்கலை விட்டு விலகிவிடும். துணிக் கவர் நல்லது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால், அந்த இடத்தை மூடித் தைக்காத கவராகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் கடைக்குத் தானே கார் ஓட்டிப் போவார். இப்போது புட்டத்திலிருந்து வலது பாதம் வரை வலி இறங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது என்கிறார். நல்ல சீட் குஷன் ஒன்று சொல்லுங்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: குஷன் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கார் சாவியை வாங்கி வையுங்கள். மரத்த வலது பாதத்தால் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே தெரியாது. சர்க்கரை நோய் இருந்தாலும் பாதம் மரத்துப்போகும், அதனால் சர்க்கரை அளவும் முதுகும் இரண்டுமே பார்க்கப்பட வேண்டும், இந்த வாரமே எலும்பு மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மட்டும் மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள், தூக்க முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சிறுநீர் வருவதே தெரியவில்லை, அல்லது போக முடியவில்லை, மலம் அடக்க முடியவில்லை, தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி இல்லை, இவற்றில் எது இருந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் அப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், மணிக்கணக்கில் தாமதித்தால்கூட நரம்பு மீளாமல் போகலாம். மருத்துவர் பார்க்கும்வரை கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் வேண்டாம், யாராவது ஓட்ட முன்சீட்டில் சாய்வாக உட்காரட்டும், அல்லது கடையைச் சில நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.