மேனேஜர் திருத்தியது சரி, சொன்ன காரணம்தான் தப்பு

கேள்வி: ஆங்கில அறிக்கையில் ‘த ரிசல்ட்ஸ் ஆர் ஹோப்ஃபுல்’ என்று எழுதினேன். மேனேஜர் அடித்துவிட்டு ‘ப்ராமிஸிங்’ என்று மாற்றினார். நம்பிக்கை மனுஷனுக்குத்தான் இருக்கும், ரிசல்ட்டுக்கு எப்படி இருக்கும் என்கிறார். நான் எழுதியது தப்பா?

தப்பில்லை. நம்பிக்கையோடு இருப்பவரும் ஹோப்ஃபுல்தான், நம்பிக்கை தருகிற விஷயமும் ஹோப்ஃபுல்தான். ஆக்ஸ்ஃபர்டு, மெரியம்-வெப்ஸ்டர் எந்த அகராதியைப் புரட்டினாலும் ரெண்டு பொருளும் இருக்கும், ரெண்டாவது ஒன்றும் புதுசில்லை, பல நூற்றாண்டுகளாகவே புழங்குகிறது. நாமும் சோகமான முகம் என்கிறோம், சோகமான பாட்டு என்கிறோம். பாட்டு உட்கார்ந்து அழுகிறதா என்ன?

ஆனாலும் அந்த வரியை நானும் மாற்றியிருப்பேன். சைன், நோட், மெசேஜ், ஸ்டோரி மாதிரி சொற்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் ஹோப்ஃபுல் உறுத்தாது, ‘எ ஹோப்ஃபுல் சைன்’ என்பதைத் தாராளமாக எழுதலாம். அதுவே இஸ், ஆர் என்பதற்குப் பின்னால் தனியாக வந்து நின்றால், படிக்கிறவர் மனம் முதலில் ஓர் ஆளைத் தேடும். ‘த ட்ரக் இஸ் ஹோப்ஃபுல்’ என்றால் மாத்திரையே வேண்டுதல் வைத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும். பலன் இனிமேல்தான் தெரியவேண்டிய மருந்து, தொழில்நுட்பம், திட்டம் எல்லாவற்றுக்கும் ப்ராமிஸிங். கைக்கு வந்துவிட்ட மார்க், விற்பனைக் கணக்கு, உங்கள் ரிசல்ட் போன்றவற்றுக்கு, என்னைக் கேட்டால், என்கரேஜிங் இன்னும் கச்சிதம்.

ஆட்களைப் பற்றி எழுதும்போதுதான் உண்மையிலேயே வம்பு. ‘ஹோப்ஃபுல் ஸ்டூடண்ட்’ என்றால் சீட் கிடைத்துவிடும் என்று காத்திருக்கும் மாணவன் என்றுதான் இன்றைக்குப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள், நன்றாக வருவான் என்று நாம் நினைக்கிற பையன் ‘ப்ராமிஸிங் ஸ்டூடண்ட்’. நம் விளையாட்டுப் பக்கங்களில் வாரத்துக்கு ஒருவர் ஆகிவிடுகிற ‘நம்பிக்கை நட்சத்திரம்’ இருக்கிறாரே, அவரை ‘ஹோப்ஃபுல் ஸ்டார்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ‘ஒலிம்பிக் ஹோப்ஃபுல்’ என்று வருவது வேறு, அங்கே அது பெயர்ச்சொல், ஒலிம்பிக்கில் இடம்பிடிக்கவோ ஜெயிக்கவோ பாடுபடுகிறவர் என்று அர்த்தம்.

அப்புறம், ‘ஹோப்ஃபுல்லி இட் வில் ரெயின்’ (மழை வரும் என்று நம்புவோம்) என்பதற்கும் இதே சண்டை நடந்தது. மழை நம்பிக்கையோடா பெய்யும் என்று இலக்கணக்காரர்கள் பல வருஷம் விடாப்பிடியாக நின்றார்கள், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் எழுத்துநடைக் கையேடான, கறாருக்குப் பேர்போன ஏபி ஸ்டைல்புக்கே 2012ல் இறங்கிவந்து ஏற்றுக்கொண்டது. மேனேஜர் அடுத்து அதிலும் கைவைத்தால் அந்த 2012ஐச் சொல்லிப் பாருங்கள்.