ஃப்ரெட் ஆலன் தூங்கவில்லை – கடிதமும் பதிலும்

ஐயா,

நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸ் பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளில் விருந்தினராக வந்த துண்டுகளை யூட்யூபில் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிக் கேவெட்டின் பேட்டி நிகழ்ச்சியில் வந்தது, வந்தவரின் தொழிலைக் கண்டுபிடிக்கும் ‘வாட்ஸ் மை லைன்?’ விளையாட்டின் பேனலில் உட்கார்ந்து ரகளை செய்தது எல்லாம் பார்த்தாயிற்று. உங்களிடம் இரண்டு கேள்விகள். அவர் அங்கே பேசியதெல்லாம் அந்த நொடியில் தோன்றியதா, எழுதி வைத்ததா? நகைச்சுவையாளர்கள் இப்படி விருந்தினராக வந்ததில் அவசியம் பார்க்கவேண்டிய பத்து என்று ஒரு பட்டியல் தரமுடியுமா? முழு எபிசோடு பார்க்கப் பொறுமை இல்லை. ரொம்ப மெதுவாகப் போகிறது. இரண்டு மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுகிறேன்.

இன்னொன்று. அதே ‘வாட்ஸ் மை லைன்?’ நிகழ்ச்சியில் ஃப்ரெட் ஆலன் என்று ஒருவர் வாராவாரம் வருகிறார். கண்ணுக்குக் கீழே பை தொங்க, பாதித் தூக்கத்தில் இருப்பவர்போல உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் பெரிய ஆளாம். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. மார்க்கெட் போனபின் சம்பளத்துக்காக வந்து உட்கார்ந்தவர் என்றுதான் நினைத்தேன். சரிதானா?

கே.,
திருச்சி

அன்புள்ள கே.,

ஃப்ரெட் ஆலனைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் இனியும் தள்ளிப்போடக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

க்ரௌச்சோவை முதலில் முடித்துவிடுவோம். அவர் நடத்திய ‘யூ பெட் யுவர் லைஃப்’ என்ற வினாடி வினா நிகழ்ச்சி பெருமளவு தயாரித்து வைத்ததுதான். எழுத்தாளர்கள் இருந்தார்கள், போட்டியாளர்களிடம் முன்கூட்டியே பேசிவைத்தார்கள், நீளமாகப் படம்பிடித்து அரைமணி நேரத்துக்கு வெட்டினார்கள். வேறொருவர் நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போகும்போது அந்த வசதி அத்தனையும் அவருக்கு இல்லை. அதற்குமேல் இந்தக் கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. எழுதி வைத்த வரியென்றாலும் அதைப் போடும் நொடியைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தானே?

பட்டியல் தரமாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது ஆலன். நீங்கள் ‘மார்க்கெட் போனவர்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்ட மனிதர் 1932 முதல் 1949 வரை அமெரிக்க வானொலியில் நாடு முழுக்கச் சிரிக்கவைத்தவர். இயற்பெயர் ஜான் ஃப்ளாரன்ஸ் சல்லிவன். 1894-இல் மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜில் பிறந்தார். மூன்று வயது ஆகுமுன்பே அம்மா இறந்துவிட்டார். அப்பா பாஸ்டன் பொது நூலகத்தில் புத்தகம் பைண்டு செய்தவர், குடிகாரர். பையனும் அதே நூலகத்தில் வேலைக்குப் போனான். பிறகு மேடையேறி, பந்துகளை எறிந்து பிடிக்கும் வித்தைக்காரனானான். தன்னை ‘உலகத்திலேயே மோசமான வித்தைக்காரன்’ என்று விளம்பரப்படுத்திக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய பிழைப்பு அது. வானொலிக்கு வந்தபின், மற்ற நட்சத்திரங்கள் எழுத்தாளர் படையை நம்பியிருந்த காலத்தில், வாராவாரம் ஸ்கிரிப்டின் பெரும்பகுதியைத் தானே உட்கார்ந்து எழுதினார். ரத்த அழுத்தம் ஏறி 1944-45 பருவம் முழுக்க ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் பார்த்த அந்தக் கண் பைகள் சும்மா வந்தவை அல்ல.

அந்த வானொலி நிகழ்ச்சியில் 1942 முதல் ஒரு பகுதி வந்தது. ஆலனும் மனைவி போர்ட்லாண்ட் ஹோஃபாவும் ஒரு சந்துக்குள் நுழைவார்கள். அந்த வாரத்துக்கு ஒரு கேள்வி இருக்கும். ஆலன் ஒவ்வொரு கதவாகத் தட்டி அதைக் கேட்பார். அமெரிக்கத் தென்மாநிலப் பெருமை பேசும் ஒரு செனட்டர் கதவைத் திறப்பார், யூதர்களின் யிட்டிஷ் மொழி வாடையுடன் ஆங்கிலம் பேசும் ஓர் அம்மா திறப்பார், வார்த்தையை எண்ணிப் பேசும் ஒரு நியூ இங்கிலாந்துக் கிழவர் திறப்பார். சிரிப்பெல்லாம் அவர்களுக்கு. நிகழ்ச்சியின் பெயரே ஆலனுடையது. ஆனால் அவர் செய்தது கதவைத் தட்டுவது, கேள்வி கேட்பது, பதிலை வாங்கிக்கொள்வது. சொந்த நிகழ்ச்சியிலேயே விருந்தாளிபோல நடந்துகொண்டவர். இதை மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

அவரை வீழ்த்தியது ஒரு கேம் ஷோ. 1948-இல் ஏபிசி வானொலி, ஞாயிறு இரவு அவர் நிகழ்ச்சி வரும் நேரத்தில் ‘ஸ்டாப் த மியூசிக்’ என்று ஒன்றைத் தொடங்கியது. பாட்டு ஓடும், நடுவில் நிறுத்துவார்கள், நாட்டில் யாரோ ஒருவர் வீட்டுக்கு டெலிபோன் அடித்து அது என்ன பாட்டு என்று கேட்பார்கள். சொன்னால் பரிசு. தன் வீட்டு மணி அடிக்குமோ என்று ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆலன் சும்மா இருக்கவில்லை. தன் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அந்த அழைப்பைத் தவறவிட்டவர்களுக்கு 5,000 டாலர் வரை ஈடு தருவதாக அறிவித்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1949 ஜூன் 26-ஆம் தேதி கடைசி ஒலிபரப்பு. அன்றைக்கு விருந்தினராக வந்தவர் இன்னொரு வானொலி நகைச்சுவையாளரான ஜாக் பென்னி. பத்து வருடங்களுக்கும் மேலாக இருவரும் வானொலியில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நல்ல நண்பர்கள்.

பரிசுப்பண நிகழ்ச்சிகளை அவர் அளவுக்குக் கிண்டலடித்தவர்கள் குறைவு. 1946-இலேயே பென்னியைப் போட்டியாளராக வரவழைத்து அப்படி ஒரு நிகழ்ச்சியைக் கிழித்தார். கடைசியில் பரிசு என்ற பெயரில் பென்னியின் கால்சட்டையைக் கழற்றி இஸ்திரி போட்டார்கள், அதுவும் யாரும் எதையும் பார்க்கமுடியாத வானொலியில். நேரம் தாண்டிப்போய், அரங்கச் சிரிப்பின் நடுவிலேயே ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. இப்படிப்பட்டவர் 1954-இல் ஒரு கேம் ஷோ பேனலில் போய் உட்கார்ந்தார். நடுவே டிவியில் சொந்தமாகச் செய்துபார்த்தவை நிலைக்கவில்லை. ஆகவே உங்கள் ஊகத்தில் ஒரு பாதி உண்மை. சம்பளம் வாங்கினார்தான். யார் வாங்கவில்லை? ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘வந்து உட்கார்ந்தவர்’ என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

‘வாட்ஸ் மை லைன்?’ எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு, நியூயார்க்கிலிருந்து நேரலை. யாரோ ஒருவர் உள்ளே வருவார், கரும்பலகையில் சாக்பீஸால் தன் பெயரை எழுதுவார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று அரங்கத்துக்கும் வீட்டில் பார்ப்பவர்களுக்கும் காட்டிவிடுவார்கள். பேனலில் இருக்கும் நால்வருக்கும் மட்டும் தெரியாது. ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேள்வி கேட்டே கண்டுபிடிக்கவேண்டும். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் வந்தவருக்கு 5 டாலர், பத்து ‘இல்லை’ வாங்கிவிட்டால் 50 டாலருடன் அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் பரிசு. அதன்பின் பிரபலம் ஒருவர் வருவார், அப்போது பேனல் கண்ணைக் கட்டிக்கொள்ளும்.

இதில் நகைச்சுவையாளருக்கு என்ன இடம்? வந்திருப்பவர் மெத்தை செய்பவர் என்று வையுங்கள். பேனலில் இருப்பவர், ‘நீங்கள் செய்வது ஆண், பெண் இருவருக்கும் பயன்படுமா?’ என்கிறார். ஆமாம். ‘இருவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாமா?’ அரங்கம் வெடிக்கிறது. கேட்டவருக்கு ஏன் என்று தெரியாது. இந்த இடத்தில் இரண்டு வகை ஆட்கள். க்ரௌச்சோ அந்தச் சிரிப்பைத் தன்னுடையதாக்கிக்கொள்வார். வந்தவரை மறப்பார், விளையாட்டையே கலைத்துப்போடுவார். எனக்கும் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆலன் காத்திருப்பார். சிரிப்பு எங்கே தொடங்கியது, எந்த வார்த்தையில் தொடங்கியது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அது அடங்கியபின் மூக்கடைத்த அந்தக் குரலில், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், அந்த வார்த்தையையே பிடித்து அடுத்த கேள்வியைக் கேட்பார். கேள்வி விளையாட்டுக்கு முழுக்கப் பொருத்தமானதாகவே இருக்கும். வந்தவரும் சேர்ந்து சிரிப்பார். சந்துக்குள் கதவைத் தட்டியவர் இங்கேயும் தட்டிக்கொண்டுதான் இருந்தார், கே. கதவைத் திறக்க இப்போது நடிகர்கள் இல்லை, நிஜமான தையல்காரரும் பால்காரரும் இருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எனக்குக் காட்டியவர் என் அப்பா. பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஆங்கிலம் தெரியாது. பக்கவாதத்தில் படுத்திருந்தபோது இரவில் தூக்கம் வராது. கட்டிலருகே லேப்டாப்பை வைத்து இந்த எபிசோடுகளை ஓடவிடுவேன். திரையில் தொழிலின் பெயர் வரும்போது நான் வாயைத் திறக்கக்கூடாது. அவரும் பேனலில் ஒருவர். வந்தவர் சாக்பீஸைப் பிடிக்கும் விதத்தைப் பார்ப்பார், உட்காரும்போது பேன்ட்டை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொள்கிறாரா என்று பார்ப்பார். குழறிய நாக்கில், “இது எழுதிப் பழகுன கை இல்ல. ஆனா ஆள் தினமும் நாலு பேர்கிட்டப் பேசுறவன்” என்பார். பல முறை சரியாக இருக்கும். ஒருநாள் ஆலனைக் காட்டி, “இவரு மட்டும்தான் காது குடுத்துக் கேக்குறாரு. மத்தவங்க அடுத்த கேள்விய யோசிச்சிக்கிட்டு இருக்காங்க” என்றார். ஆங்கிலம் தெரியாதவர் சொன்னது. நீங்கள் ஆங்கிலம் தெரிந்தும் தூக்கம் என்கிறீர்கள்.

காரணம் உங்கள் இரண்டு மடங்கு வேகம். கேட்கும் முகத்தை வேகமாக ஓட்டினால் அதில் ஒன்றும் மிஞ்சாது. பேசும் வாயை ஓட்டலாம், வார்த்தை எப்படியோ காதில் விழுந்துவிடும். ஆலனின் வேலை நடந்ததெல்லாம் சிரிப்புக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் உள்ள இடைவெளியில். நீங்கள் சுருக்கியது சரியாக அந்த இடைவெளியை.

துண்டு வெட்டிப் போடுபவர்களும் அதையேதான் செய்கிறார்கள். சிரிப்பு வந்த இருபது நொடியை மட்டும் எடுத்து, கீழே மஞ்சள் எழுத்து போட்டு ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஆறு ‘இல்லை’ வந்திருக்கும். பேனலில் இருந்த டோரதி கில்கேலன் ஒரு வழக்கறிஞரைப்போல வரிசையாகக் கேட்டு ஆளை மூலையில் ஒதுக்கியிருப்பார். தொகுப்பாளர் ஜான் டேலி, ஒரு ‘ஆமாம்’ சொல்வதற்குள் வாக்கியத்துக்குள் வாக்கியமாக நீளமாக ஒரு விளக்கம் கொடுத்து எல்லாரையும் குழப்பியிருப்பார். இத்தனையும் சேர்ந்து கட்டிய இறுக்கத்தில்தான் ஆலனின் ஒரு வரி விழுந்து உடைகிறது. விக்கெட் விழும் பந்தை மட்டும் ஹைலைட்ஸில் பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய ஐந்து பந்துகளில் பவுலர் என்ன செய்தார் என்று யாருக்காவது தெரியுமா? பத்துத் துண்டுகளின் பட்டியலை உங்களுக்குத் தந்தால் நானும் அந்த வெட்டும் வேலையில் கூட்டுச் சேர்ந்தவனாவேன். தரமாட்டேன் என்றது அதனால்தான்.

முழுசாகக் கிடைப்பதே பெரிய பாக்கியம் என்பதையும் யோசியுங்கள். ஜானி கார்சன் 1962 அக்டோபர் 1-ஆம் தேதி ‘டுநைட் ஷோ’ என்ற இரவுப் பேட்டி நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை ஏற்றபோது அவரை மேடைக்கு அறிமுகப்படுத்தியவர் உங்கள் க்ரௌச்சோதான். அந்தப் படம் இன்று இல்லை, ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. முதல் பத்து வருடத்து நாடாக்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. அதே கார்சன் கல்லூரியில் வானொலி நகைச்சுவையைப் பற்றி ஆய்வேடு செய்தவர். பின்னாளில் தன் நாடகக் குழுவுக்கு வைத்த ‘மைட்டி கார்சன் ஆர்ட் பிளேயர்ஸ்’ என்ற பெயர், ஆலனின் வானொலிக் குழுவான ‘மைட்டி ஆலன் ஆர்ட் பிளேயர்ஸ்’ பெயரிலிருந்து எடுத்தது. மார்க்கெட் போனவரின் பெயரை யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

1956 மார்ச் 17, சனிக்கிழமை இரவு, நியூயார்க் 57-ஆம் தெருவில் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் ஆலன் இறந்தார். 61 வயது. மறுநாள் ஞாயிறு. நிகழ்ச்சி நேரலை. அதை அஞ்சலி நிகழ்ச்சியாக மாற்றலாமா என்று யோசித்திருக்கிறார்கள். வழக்கம்போல விளையாட்டே நடக்கட்டும், அவர் அதையே விரும்பியிருப்பார் என்று சொன்னவர் போர்ட்லாண்ட். டேலி தொடக்கத்தில் அதை அறிவித்தார். ஆலனுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த ஸ்டீவ் ஆலன் (உறவில்லை) வந்து உட்கார்ந்தார். ஆட்கள் வந்தார்கள், பலகையில் எழுதினார்கள், கேள்வி கேட்டார்கள். கடைசி ஒன்றரை நிமிடம்தான் இறந்தவருக்கு. இரண்டு மடங்கு வேகத்தில் அது நாற்பத்தைந்து நொடி. ஓட்டிப் பார்க்க மனம் வருமா உங்களுக்கு?

அந்த எபிசோடில் தொடங்காதீர்கள். ஆலனைத் தெரியாமல் பார்த்தால் அது யாரோ ஒருவரின் சாவு. 1955-ஆம் வருடத்து எபிசோடு ஏதாவது ஒன்றை எடுங்கள், எது என்று தேர்ந்தெடுக்கக்கூட வேண்டாம். சாதாரண வேகத்தில், அரைமணி நேரமும் பாருங்கள். முடிந்தால் தொழிலின் பெயர் திரையில் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். டிக் கேவெட் நிகழ்ச்சியில் வந்த க்ரௌச்சோவைப் பற்றி எனக்கும் நிறையச் சொல்ல இருக்கிறது, அதை அப்போது பேசுவோம்.

அன்புடன்.