ஆண் எறும்பின் மூளையில் என்ன குறைவு?

கேள்வி: எங்கள் வீடு மாந்தோப்பை ஒட்டி இருக்கிறது. மழை விட்ட சாயங்காலம் வாசல் டியூப்லைட்டைச் சுற்றி றெக்கை முளைத்த கட்டெறும்புகள் மொய்க்கும். சின்னத் தலையோடு ஒல்லியாக இருப்பவை ஆண்களாம், அவற்றுக்கு மூளையும் மட்டம், மூளையில் சுரக்கிற ரசாயனமும் வேறு என்கிறான் விலங்கியல் படிக்கும் என் தம்பி. உண்மையா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஆண்கள் என்றது சரி. ரசாயனம் வேறு என்பது சரியில்லை. நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் செரட்டோனின், டோபமின், ஆக்டோபமின் எல்லாம் ஆண் எறும்புக்கும் உண்டு, பெண் எறும்புக்கும் உண்டு. முதல் இரண்டும் நம் மூளையில் இருப்பவையேதான். வித்தியாசம், அவை மூளையின் எந்த மூலைக்குப் போய்ச் சேருகின்றன என்பதில் இருக்கிறது.

எறும்பின் உணர்கொம்பில் படும் வாசனை முதலில் மூளையின் முன்பக்கத்தில் மாதுளை முத்துக்கள் மாதிரி நெருங்கிக் கிடக்கும் நரம்பு முடிச்சுகளுக்குத்தான் வரும். கட்டெறும்பு இனத்துப் பெண்களிடம் இவை 400-க்கும் மேல், ஆண்களிடம் ஏறக்குறைய பாதிதான். ஃப்ளோரிடா கட்டெறும்பை வைத்து ஜெர்மனியில் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், செரட்டோனினை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஏற்றி மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பெண்ணின் முடிச்சுகளில் பெரும்பாலானவற்றுக்குள் செரட்டோனின் இழைகள் ஓடுகின்றன, ஒரு பெரிய கொத்துக்குள் மட்டும் நுழையவே இல்லை. ஆணிடம் அந்தக் கொத்தே கிடையாது! அந்தக் கொத்துக்குச் செய்தி அனுப்பும் நுண்மயிர்களும் ஆணின் உணர்கொம்பில் இல்லை. இவன் நம் புற்றா, அடுத்த புற்றா என்று மேல்தோல் மெழுகின் வாசனையை வைத்து ஊழிய எறும்பு (இவை எல்லாமே பெண்கள்) கண்டுபிடிப்பது இந்த வகை மயிர்களால்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்: ஆண் எறும்பு காவல் காப்பதில்லை, இரை தேடுவதில்லை, குஞ்சு வளர்ப்பதில்லை. பறந்து போய் ராணியைச் சேர வேண்டும், அவ்வளவுதான், அப்புறம் செத்துவிடும். அதற்கு வேண்டிய பார்வைப் பகுதி அதன் மூளையில் நன்றாகவே இருக்கிறது. ஆகவே மட்டம் என்ற பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுத்த முறை ஒன்று கீழே விழுந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் புடைத்த இரண்டு கண் போக, உச்சந்தலையில் மூன்று சின்னப் பொட்டுக் கண்கள் தெரியும். றெக்கையுள்ள ராணிக்கும் அவை உண்டு, தரையில் ஓடும் கட்டெறும்புக்கு இல்லை.

கேள்வி: அப்படியானால் மனிதரிலும் ஆண் மூளை, பெண் மூளை என்று பேசுவதில் நியாயம் இருக்கிறதா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: எறும்பை வைத்து அதைச் சொல்லவே கூடாது. ஆண் எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது, அதற்குத் தகப்பனே கிடையாது, குரோமோசோமும் ஒரே செட்தான். நம் கதை முற்றிலும் வேறு.

கேள்வி: பெண் எறும்புகளிலேயே ராணிக்கும் ஊழியருக்கும் ரசாயனத்தில் வேறுபாடு உண்டா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: உண்டு, அளவில். தென்னிந்தியக் காடுகளில் துள்ளிக் குதித்து இரை பிடிக்கும் ஓர் எறும்பு இருக்கிறது, ஹார்பெக்னாத்தஸ் என்று பெயர். ராணி செத்ததும் ஊழியப் பெண்கள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்துப் போட்டி போடும், நாள்கணக்கில் நடக்கும். ஜெயித்தவற்றுக்கு மூளையில் டோபமின் கூடி, ராணி மாதிரி முட்டையிடத் தொடங்கிவிடும், கூடவே மூளை ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுருங்கும். இனி இரை தேட வேண்டியதில்லையே! அப்படி முட்டையிட்டவற்றைத் தனியாகப் பிரித்துவைத்து மறுபடி ஊழியராக மாற்றியபோது, சுருங்கிய மூளை திரும்பவும் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று 2021-ல் காட்டியிருக்கிறார்கள். வளர்ந்து முடிந்த பூச்சியின் மூளை இப்படிச் சுருங்கி விரியும் என்று அதற்கு முன் யாரும் கண்டதில்லை.